சந்தனம் என்று எழுதிய அண்ணன்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகராக இருக்கிறேன். தன்வரலாறுகளுக்கென்று எங்களிடம் தனி அடுக்கு ஒன்று உண்டு. அதில் பாதிப் புத்தகங்கள் எழுதியவர்களே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனவை. அறுபதாம் கல்யாணத்துக்கோ எண்பதாம் கல்யாணத்துக்கோ அச்சடித்து, வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்தது போக மிஞ்சியவை. எல்லாரும் வறுமையில் பிறந்திருப்பார்கள். எல்லாருடைய அம்மாவும் தெய்வம். மனைவி 'உறுதுணை' என்ற சொல்லோடு ஒரு வரியில் வந்து போவார். ஒருவர்கூட யார்மீதும் பொறாமைப்பட்டதில்லை, யாரையும் கை நீட்டி அடித்ததில்லை, வயிறு கெட்டு ஒரு நாள் அவதிப்பட்டதுகூட இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படித்தேன். சர்க்கரையை அள்ளிக் கொட்டிய பாயசத்தை டம்ளர் டம்ளராகக் குடித்தது மாதிரிக் குமட்டியது.

அதே அடுக்கில் வேறு மாதிரிப் புத்தகங்களும் சில இருக்கின்றன. தொழுநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் எழுதியது ஒன்று. புண்களுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்தால் கையால் சோறு பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டதையும், அதை நோயாளி ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துபோனதையும் எழுதியிருப்பார். இன்னொன்று, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் எழுதியது. சுடுகாட்டிலிருந்து திரும்பிய கையோடு தனக்கு அகோரமாகப் பசித்ததையும், பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை மறுபடி கேட்டு வாங்கித் தின்றதையும், அது ருசியாக இருந்ததையும் மறைக்காமல் சொல்லியிருப்பார். படிக்கத் தகுந்த தன்வரலாறு ஏதாவது இருக்கிறதா என்று யாராவது கேட்டால் நான் இந்த மாதிரிப் புத்தகங்களைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

இப்போது அந்த அடுக்கில் என் அண்ணன் எழுதிய புத்தகமும் இருக்கிறது. எங்கள் அப்பாவின் கடைசிக் காலத்தைப் பற்றியது.

அப்பா கவர்மென்ட் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சுத்தம் பார்க்கிற ஆள். காக்கிச் சட்டை காலருக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டுதான் வண்டி எடுப்பார், காலரில் அழுக்குப் பிடிக்கக்கூடாது. எவ்வளவு தூரம் ஓட்டிவிட்டு வந்தாலும் வெளியூர் பஸ் ஸ்டாண்ட் கக்கூஸுக்குப் போகமாட்டார், அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேருவார். அம்மா இறந்து சில வருடங்கள் கழித்து, ஒரு நாள் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் வாயில் நுரையோடு அப்படியே சரிந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. ஆனால் அவர் சொல்வது எங்களுக்குப் புரியும், நடப்பதெல்லாம் அவருக்கும் புரியும்.

என் கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. அதனால் நான் கல்யாணத்துக்குப் பிறகும் அப்பா வீட்டிலேயே இருந்தேன். அண்ணனுக்குச் சென்னையில் பெரிய கம்பெனி உத்தியோகம். அப்பா என் பொறுப்பு என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, அது தானாக அப்படி ஆனது. நான் நூலகத்தில் இருக்கும் நேரத்துக்கு ஒரு அம்மாளை ஏற்பாடு செய்திருந்தோம். மற்ற நேரமெல்லாம் நான்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்த மறுநாள். டயப்பர் நிரம்பி வழிந்து, அவருடைய முதுகுவரை ஏறியிருந்தது. நான் வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"கதவச் சாத்திட்டுப் போயிருத்தா," என்றார் அப்பா. "என்னப் பாக்காத."

"பாக்காம எப்படிப்பா தொடைக்கிறது?"

அவர் நல்லாயிருந்த இடது கையால் என்னைத் தள்ளினார். அந்தக் கையிலும் இருந்திருக்கிறது. என் கன்னத்தில் அப்பியது, உதட்டு ஓரம்வரை. நான் கொல்லைக்கு ஓடி, குழாயடியில் குனிந்து, காலையில் சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தேன். முகத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். துப்பட்டாவை மூக்கில் இறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மீது என்று இன்றுவரை தெரியாது.

இந்த விஷயத்தில் அழகாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குப் பருப்புக் குழம்பு இறங்காமல் போனது, அதன் நிறம் அப்படி. ஃபினாயில் வாடைக்குள் அந்த வாடை ஒளிந்துகொண்டு கூடவே வரும். நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும்போதுகூட விரல்களை முகர்ந்து பார்ப்பேன், யாராவது கவனித்துவிட்டால் மூக்கைச் சொறிகிற மாதிரிப் பாவனை செய்வேன். முதுகில் படுக்கைப் புண் வந்தபோது அதன் சீழ் நாற்றம் இன்னும் மோசம். அப்பா நோயில் நல்லவராகவும் மாறவில்லை. வீட்டில் அதுவரை நாங்கள் கேட்டே இராத பஸ் ஸ்டாண்ட் கெட்ட வார்த்தைகளெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தன. அம்மாவை இழுத்துத் திட்டுவார், என்னைத் திட்டுவார், "சாக விடாம ஏன்டி உயிர வாங்குற?" என்று கத்துவார். நானும் சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் ஒழுங்காத் திரும்பிப் படுங்க" என்று அதட்டுவேன்.

குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வேட்டி மாற்றிவிட்டால் அவர் பழைய அப்பா ஆகிவிடுவார். சீப்பு கேட்பார். நான் தலைவாரிவிடும்போது, திருவாடானை ரோட்டில் எந்த வளைவில் ஆடு குறுக்கே வரும் என்றெல்லாம் குழறிக் குழறிச் சொல்வார். அப்போது எனக்கு அவர்மீது அவ்வளவு பாசமாக இருக்கும். அருவருப்பும் பாசமும் ஒரே வீட்டில் குடியிருந்துகொண்டு ஒன்றோடொன்று பேசாமலே இருந்தன. ஒன்று வந்ததால் இன்னொன்று வெளியேறிப் போகவில்லை.

அண்ணன் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலை ரயிலில் வருவான், மறுநாள் திரும்புவான். பாதாம், பேரீச்சை, சக்கர நாற்காலி என்று ஏதாவது வாங்கி வருவான். நான் அப்பாவைக் குளிப்பாட்டி முடிக்கும்வரை முற்றத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு உள்ளே வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைப் போட்டோ எடுக்கச் சொல்வான். ஒருமுறை நான் மருந்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது, அண்ணன் குழாயடியில் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தான். உள்ளே போனால், அப்பா மேலே போர்வைகூட இல்லாமல், மலத்தோடு அப்படியே கிடந்தார். நான் துடைத்துவிட்டேன். அண்ணன் அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டான். அதற்காக அவனை நான் தப்பாக நினைக்கவில்லை. அதே குழாயடியில் நானும்தான் வாந்தி எடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். "அப்பா என்னத்தா சொன்னாரு?" என்று துருவித் துருவிக் கேட்பான். கதவைச் சாத்தச் சொன்னது, கையால் தள்ளியது, சுவரைப் பார்த்து அழுதது எல்லாவற்றையும் சொன்னேன். தூரத்தில் இருக்கிற பிள்ளை மனசு கிடந்து அடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். அடித்துக்கொண்டும் இருந்திருக்கலாம்.

அப்பா இறந்து கருமாதி முடிந்ததும், அண்ணன் முகநூலில் அப்பாவைப் பற்றித் தொடர்ந்து எழுத ஆரம்பித்தான். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. யார் யாரோ போன் செய்து அழுதார்கள். சில மாதங்களில் அது புத்தகமாக வருவதாகச் சொன்னான். விழாவைச் சொந்த ஊர்ப் பக்கம்தான் வைக்கவேண்டும் என்று கண்டனூரில் ஒரு பெரிய வீட்டை ஒரு நாள் வாடகைக்குப் பிடித்திருந்தான். கல்யாணம், திருவிழா தவிர ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடக்கிற வீடு. ரூம் ஃப்ரெஷ்னர் அடித்து, சாம்பிராணி போட்டிருந்தார்கள். அதையும் மீறி வௌவால் எச்சத்தின் நெடி வந்துகொண்டிருந்தது.

"மொதல் பிரதிய நீதான் வாங்கணும். ஒண்ணும் பேச வேணாம், வாங்கிக்கிட்டாப் போதும்," என்று சொல்லியிருந்தான். அதற்கு முன்னால் புத்தகத்தை என் கண்ணில் காட்டவில்லை. மேடையில் ரோஜா நிறத் தாளைப் பிரித்துக் கையில் கொடுத்தான். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் மைக்கைப் பிடித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தன்னை உலுக்கிய இடம் என்று ஒரு பக்கத்தை வாசித்தார்.

அதில் அண்ணன், அப்பாவின் மலத்தைத் தன் இரண்டு கைகளாலும் ஏந்தினான். அது அவனுக்கு நாறவில்லை, சந்தனமாக மணந்தது. கதவைச் சாத்து, என்னைப் பார்க்காதே என்று அப்பா அவனிடம் சொன்னார். அவன் துடைத்துவிட்டதும் அப்பா புன்னகையோடு, "நீ என் மகன் இல்லடா, என்னைப் பெத்த தாய்" என்றார்.

கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கன்னத்தில் அந்த ஈரம் மறுபடி அப்பியது போலிருந்தது. சந்தனம்! அப்பாவுடைய வெட்கத்தையும், அவர் என்னைத் தள்ளியதையும், சுவரைப் பார்த்து விட்ட கண்ணீரையும் வழித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வாசனை தடவி வைத்திருந்தான். பேராசிரியர் சட்டென்று என் பக்கம் திரும்பி, "தங்கச்சியும் ரெண்டு வார்த்தை பேசணும்" என்று மைக்கை நீட்டினார்.

"எங்க அப்பா ரொம்பச் சுத்தமான ஆளு," என்றேன். அதற்கு மேல் வாயைத் திறந்தால் மேடையிலேயே வாந்தி எடுத்துவிடுவேன் போலிருந்தது. உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கை தட்டினார்கள்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மா, "இப்படி ஒரு பிள்ளை யாருக்கு வாய்க்கும்? நீயும் கூடமாட ஒத்தாச பண்ணுனியாம்ல, பொஸ்தகத்துல போட்டிருக்கே" என்றார். இலையில் விழுந்த பருப்பை நான் ஓரமாக ஒதுக்கினேன்.

வீட்டுக்கு வந்து முழுவதும் படித்தேன். பெரியம்மா சொன்ன அந்த ஒரு வரிதான் என்னைப் பற்றி. அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. பேர் வாங்குவதற்காக யாரும் பீ அள்ளுவதில்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நூலகத்துக்கு அண்ணன் கொடுத்த பிரதிகளையும் பதிந்து அடுக்கில் வைத்தேன். ஒரு பிரதிகூட அடுக்கில் தங்கவில்லை, எப்போதும் யாராவது எடுத்துப் போயிருந்தார்கள்.

சாக்கோட்டைப் பக்கமிருந்து வருகிற ஒரு பெண் உண்டு. மகளுக்குப் பரீட்சைப் புத்தகம் எடுக்க வந்து, அப்படியே தானும் படிக்க ஆரம்பித்தவள். அவள் ஒரு மத்தியானம் அண்ணன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போகாமல் மேஜை பக்கத்திலேயே நின்றாள்.

"அக்கா, இத எழுதுனவுக ஒங்க அண்ணனாமே. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"எங்க மாமியா படுத்த படுக்கையா இருக்காக. நாந்தான் எல்லாம் செய்றேன்." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு நாறுதுக்கா. மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் உள்ள போறேன். சில நாளு, செத்தாத் தேவலன்னுகூடத் தோணுது. இவுகளுக்குச் சந்தனமா மணந்துச்சுன்னு போட்டிருக்கு. அப்ப, மனசுல பாசம் இல்லாதவளுக்குத்தான் நாறுமாக்கா? நான் பாவியா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேடையில் வந்த குமட்டலைவிட இது மோசமாக இருந்தது. இவள் காலையிலும் மாலையிலும் ஒரு கிழவியைப் புரட்டிப் போட்டுத் துடைத்துவிட்டு, அது நாறுகிறதே என்று குற்றவாளி மாதிரி வந்து நிற்கிறாள். அந்த நேரத்தில் அறைக்குள் கால் வைக்காதவன் இவளுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறான்.

"பீ எல்லாருக்கும் நாறும்," என்றேன். நூலகத்தில் இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். "எனக்கும் நாறுச்சு. எங்க அப்பாவுக்கு எல்லாம் செஞ்சது நான். குழாயடியில வாந்தி எடுத்துட்டு வந்து செஞ்சேன். சீக்கிரம் முடிஞ்சிட்டாத் தேவலன்னு நானும் நெனச்சிருக்கேன்."

"அப்ப ஒங்க அண்ணன்?"

"அவன் வாசப்படியத் தாண்டல."

அவள் என்னையே பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தக் கைக்குள்ளேயே அழுதாள். நான் அந்த நர்ஸ் எழுதிய புத்தகத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். கூடவே, மூக்குக்குக் கீழே கொஞ்சம் தைலம் தடவிக்கொண்டு உள்ளே போகச் சொன்னேன்.

அப்பாவின் முதல் வருடத் திதிக்கு அண்ணன் வந்தான். ஐயர் போன பிறகு, சாப்பிட்டுவிட்டுக் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தவனிடம் போய் நின்றேன்.

"சந்தனம்னு எதுக்குண்ணே எழுதுன?"

அவன் எதிர்பார்த்திருந்த மாதிரிதான் இருந்தான். "எழுத்துன்னா கொஞ்சம் ஏத்தித்தான் எழுதணும். உள்ளது உள்ளபடி எழுதுனா எவன் படிப்பான்? ஒம்பேரு வரலன்னு கோவமா?"

"எம்பேரு எனக்கெதுக்கு? மாமியாளுக்குச் செய்ற ஒருத்தி, தனக்கு நாறுதேன்னு, தன்னப் பாவின்னு நெனச்சுக்கிட்டு எங்கிட்ட வந்து அழுகுறா. நீ அள்ளுனியாண்ணே? ஒரு நாள் அள்ளுனியா?"

குழாயை மூடினான். மூடிய பிறகும் அதன்மீதே கையை வைத்திருந்தான்.

"நான் அன்னைக்கு வாசப்படியிலயே நின்னுட்டேன்," என்றான். "கைக்குட்டைய எடுத்து மூக்கப் பொத்துனேன். அப்பா அதப் பாத்துட்டாருத்தா. பாத்துட்டு, நான் போறதுக்கு வசதியாக் கண்ண மூடிக்கிட்டாரு. அவருக்குத் தூக்கம் இல்ல, எனக்குத் தெரியும். நான் போயிட்டேன். அத நெனச்சா எனக்கு இப்பவும் சோறு எறங்கல. நான் உள்ள போயிருந்தா எப்படி இருந்திருக்கும்னு எழுத ஆரம்பிச்சேன். எழுத எழுத, போன மாதிரியே ஆயிருச்சு."

நான் அவனை அதுவரை அப்படிப் பார்த்ததில்லை.

"இத எழுதியிருக்கலாம்லண்ணே," என்றேன். "இத எழுதியிருந்தா நான் திரும்பத் திரும்பப் படிச்சிருப்பேன்."

"இத எப்படித்தா எழுதுறது?"

"இப்பச் சொன்ன மாதிரியே."

தலையை ஆட்டினான். நான் நம்பினேன். அன்று சாயங்காலம் ரயிலடிவரை போய் அவனை ஏற்றிவிட்டு வந்தேன். சில மாதங்கள் மனசு லேசாக இருந்தது. அவன் மூக்கைப் பொத்தியதும் அப்பா கண்ணை மூடியதும் எழுத்தில் வந்துவிட்டால், அப்பா அப்பாவாகவே திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

இரண்டாம் பதிப்பு தபாலில் வந்தது. புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்திருந்தான். நின்றபடியே புரட்டினேன். அவன் வாசற்படியில் நிற்கிறான். ஆனால் மூக்கைப் பொத்தவில்லை, பெருகிய கண்ணீர் தானாக மூக்கை அடைத்துக்கொள்கிறது. அப்பா கண்களை மூடுகிறார். அது அவர் மகனுக்கு மௌனமாக வழங்கிய ஆசியாம். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் பழைய சந்தனம் அப்படியே இருந்தது. உள்ளே போகாதவனும் அவன்தான், கையில் ஏந்தியவனும் அவன்தான். இரண்டுக்கும் சேர்த்து அழுவதற்கு ஆள் இருந்தது.

கொல்லையில் வைத்து அவன் சொன்ன ஒரே உண்மையையும் எடுத்துக்கொண்டு போய், பூ வைத்து, பொட்டு வைத்து, அலங்கரித்துப் படுக்க வைத்துவிட்டான். நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். கழுவிவிட்டு விரல்களை முகர்ந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவனோடு நான் அதைப் பற்றிப் பேசவில்லை. போன மாதம் அவனே கூப்பிட்டான்.

"அடுத்து அம்மாவப் பத்தி எழுதலாம்னு இருக்கேன். கடைசி நாள்ல நீதான பக்கத்துல இருந்த? அம்மா ஒங்கிட்ட என்ன பேசுச்சு?"

"ஞாபகம் இல்லண்ணே."

"நல்லா யோசிச்சுப் பாரு. ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கும்ல?"

"ஒண்ணும் சொல்லல," என்று போனை வைத்துவிட்டேன்.

எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அவனுக்குக் கொடுக்க மனமில்லை, அவ்வளவுதான். அன்றே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு நானே எழுத உட்கார்ந்தேன். 'அம்மா கடைசியாக என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள்' என்று முதல் வரி தானாக வந்து விழுந்தது. திரும்பப் படித்துப் பார்த்தேன். அம்மா எங்கே புன்னகைத்தாள்? என் கைக்குள்ளும் அந்தச் சந்தனக் கிண்ணம் இருந்திருக்கிறது. அதைத் தொட்டு எழுத எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த வரியை அடித்தேன். தாள் கிழிகிற மாதிரி அடித்தேன். கீழே இப்படி எழுதினேன்: அன்றைக்குக் காலையில் நான் பாலைப் பொங்கவிட்டதில் அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. கேஸ் விற்கிற விலையில் கவனமில்லாமல் எங்கே பராக்குப் பார்த்தாய் என்று அம்மா கட்டிலிலிருந்தே கத்தினாள். வாய மூடிக்கிட்டுப் படும்மா என்று நானும் கத்தினேன். தீய்ந்த பாலைச் சுரண்டிக்கொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்து, அடுப்பைத் துடைத்து முடித்த பிறகுதான் போய்ப் பார்த்தேன்.